மண்ணில் உள்ள வில்லங்கம்

நிலத்தின் பேரில் கடன் கேட்டு வருபவரிடம் வங்கி முதலில் மூலப் பத்திரத்தைக் கேட்கிறது. அடுத்து வில்லங்கச் சான்றிதழைக் கேட்கிறது. அந்த நிலம் யார் கையிலிருந்து யார் கைக்கு மாறியது, எங்கே அடமானத்தில் இருந்தது, அது தீர்ந்ததா என்பதெல்லாம் அச்சான்றிதழில் தெரிந்துவிடும். வழக்கறிஞரின் கருத்துரையும் மதிப்பீட்டாளரின் அறிக்கையும் கோப்பில் சேர்ந்தபின் நாம் நிம்மதியாகக் கையொப்பமிடுகிறோம். ஆயினும் இத்தனை காகிதங்களிலும் ஏறாத வில்லங்கம் ஒன்று உண்டு. இருபது ஆண்டுகளுக்கு முன் அதே இடத்தில் மரத்துக்கு மருந்தேற்றும் பட்டறையோ, பூச்சிக்கொல்லிக் கிடங்கோ, பழைய மின்மாற்றிகளைப் பிரிக்கும் கூடமோ இருந்திருக்கலாம். கட்டடம் போய்விட்டது; சிந்தியது மண்ணிலேயே இருக்கிறது.

இத்தகைய இடங்களுக்கென்றே மத்திய அரசின் சுற்றுச்சூழல் அமைச்சகம் 2025 ஜூலையில் தனி விதிகளை அறிவித்தது. மாசடைந்த இடங்களைக் கண்டறிதல், ஆய்தல், சீராக்குதல் ஆகியவற்றுக்கு அவை நடைமுறை வகுக்கின்றன. மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அவற்றின் அடிப்படை. ஆக, மண்ணைத் தூய்மையாக்குவது இனித் தொழில்முனைவோரின் பணக் கணக்கிலும் இடம்பெறும் செய்தி. வழக்கமான வழிகள் இரண்டு. மண்ணைத் தோண்டி எடுத்துச் சென்று பாதுகாப்பான குழியில் புதைப்பது ஒன்று; மிகு வெப்பச் சூளையில் இட்டு எரிப்பது மற்றொன்று. முதலாவது வில்லங்கத்தைத் தீர்ப்பதில்லை, அடுத்த ஊருக்கு மாற்றுகிறது. இரண்டாவது தீர்க்கிறது, ஆனால் பெருஞ்செலவு வைக்கிறது. எரிந்து வெளிவருவதில் ஒரு புல்லும் எளிதில் முளைக்காது. இவ்விரண்டுக்கும் மாற்றாக நாற்பது ஆண்டுகளாகப் பேசப்பட்டு வருவது பூஞ்சை.

காளான் குடையைப் பூஞ்சை என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். மாம்பழத்தை மாமரம் என்பது போன்றது அது. உண்மையான பூஞ்சை என்பது மண்ணுக்குள்ளும் மரக்கட்டைக்குள்ளும் படர்ந்திருக்கும் வெண்ணிற இழைகளின் வலை. தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லிய அவ்விழைகள், வேரும் நுழையாத இடுக்குகளில் நுழைந்து செல்லும்.

காட்டில் விழுந்து கிடக்கும் மரம் சில ஆண்டுகளில் வெளுத்து, பஞ்சு போலாகி, விரலால் அழுத்தினால் நார் நாராகப் பிரிவதைக் காணலாம். அவ்வாறு வெளுக்கச் செய்பவை வெள்ளை அழுகல் பூஞ்சைகள். மரத்தின் செல்லுலோஸ் நாரைச் செங்கல் என்று கொண்டால், அவற்றைப் பிணைத்து நிறுத்தும் சாந்து லிக்னின் என்னும் பொருள். மரத்தின் பழுப்பு நிறமும் பெரும்பாலும் அதனுடையதே. பூஞ்சைக்கு வேண்டிய உணவு செல்லுலோஸ்; ஆனால் சாந்தைப் பெயர்க்காமல் செங்கல்லை எடுக்க முடியாது.

லிக்னினைப் பெயர்ப்பதுதான் கடினம். பென்சீன் வளையங்கள் எவ்வித ஒழுங்குமின்றி, பலவகைப் பிணைப்புகளால் ஒன்றோடொன்று சிக்கிக் கிடப்பது அதன் அமைப்பு. பொதுவாக உயிர்களின் நொதிகள் பூட்டுக்கேற்ற சாவி போன்றவை. மாவுப்பொருளைச் செரிக்கும் நொதி புரதத்தைத் தொடாது. லிக்னினிலோ ஒவ்வொரு பூட்டும் வேறு. ஆகவே பூஞ்சை சாவி செய்வதை விட்டுக் கடப்பாரையைக் கையில் எடுத்தது. அது தன் இழைகளுக்கு வெளியே சில நொதிகளைச் சுரக்கிறது. ஹைட்ரஜன் பெராக்சைடின் துணையோடு அந்நொதிகள் வளையத்திலிருந்து ஓர் எலக்ட்ரானைப் பறிக்கின்றன. நிலைகுலைந்த வளையம் தானாகவே உடைந்து சிதறுகிறது. இந்தத் திறமை எப்போது தோன்றியது என்பதை அறிய 31 பூஞ்சைகளின் மரபணுத் தொகுதிகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2012-ல் வெளிவந்தது. ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகளுக்கு முன் என்பது அதன் கணிப்பு.

லிக்னினை உடைக்கும் நொதியை 1983-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் அடையாளம் கண்டனர். விஸ்கான்சின் மாநிலத்தின் மேடிசன் நகரிலுள்ள அரசு வனப்பொருள் ஆய்வகத்தில் மிங் டியென், கென்ட் கிர்க் ஆகியோர் அதைப் பிரித்தெடுத்தவர்களில் அடங்குவர். அவர்கள் ஆராய்ந்தது ஃபெனரோகீட் கிரைசோஸ்போரியம் என்னும் வெள்ளை அழுகல் பூஞ்சை. மரச்சில்லுக் குவியல்களில் வெப்பம் ஏறிய நிலையிலும் வளரும் இனம் அது. அந்த நொதியின் இயல்பைப் பார்த்த மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவன் ஆஸ்ட் குழுவினருக்கு ஓர் ஐயம் எழுந்தது. டி.டி.டி. முதலிய நச்சுப் பொருள்கள் பலவற்றிலும் இருப்பது குளோரின் ஏறிய பென்சீன் வளையம். கடப்பாரைக்குப் பூட்டின் பெயர் தெரியாது. லிக்னினை உடைக்கும் கை இவற்றை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்?

1985-ல் 'சயின்ஸ்' இதழில் அவர்கள் விடையை வெளியிட்டனர். டி.டி.டி., லிண்டேன், மின்மாற்றி எண்ணெயில் சேர்க்கப்பட்டு வந்த பி.சி.பி. வகைப் பொருள் ஒன்று, நிலக்கரிப் புகையில் உள்ள பென்சோபைரீன், டையாக்சின்களில் மிகக் கொடியதாகக் கருதப்படும் டி.சி.டி.டி. ஆகிய ஐந்தையும் அப்பூஞ்சை ஓரளவு கரியமில வாயுவாகவே மாற்றியிருந்தது. அவர்கள் அதை மெய்ப்பித்த முறை, வணிகவியல் படித்த நம் போன்றோருக்கு எளிதில் விளங்கும். லஞ்சம் வாங்குபவரைப் பிடிக்க எண் குறித்த நோட்டுகளைக் கொடுத்தனுப்புவதுண்டு அல்லவா? அதைப்போலக் கதிரியக்கமுள்ள கரிம அணுவால் அடையாளமிட்ட நச்சுப் பொருளைப் பூஞ்சைக்குக் கொடுத்தார்கள். பின்னர் வெளிவந்த வாயுவில் அதே அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. நஞ்சு எங்கோ ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு மறையவில்லை, உண்மையாகவே செலவாகியிருக்கிறது என்பதற்கு அதைவிடத் தெளிவான தணிக்கை வேறில்லை.

பாக்டீரியாக்களும் மாசுகளைச் சிதைக்கக் கூடியவையே. ஆனால் பெரும்பாலான பாக்டீரியாக்கள் அந்த மாசை உணவாகக் கொண்டு வாழ்பவை. மண்ணில் அதன் அளவு குறைந்துவிட்டால் அவற்றின் ஊக்கமும் குறைந்துவிடும். பூஞ்சைக்கு மாசு உணவன்று. அது வைக்கோலையோ மரத்தூளையோ தின்கிறது. அதற்காகச் சுரந்த நொதி, வழியில் கிடக்கும் நஞ்சையும் சேர்த்து உடைக்கிறது. ஆகவே மாசு மிகச் சிறிதளவே எஞ்சியிருந்தாலும் வேலை நிற்பதில்லை. நொதி வெளியே சுரப்பதால், நீரில் கரையாத பொருளையும் எட்டிப் பிடிக்கிறது. கூலி வேறிடத்திலிருந்து வருவதால் இங்கே இலவசமாக உழைக்கிறது என்று சொல்லலாம். எனினும் அந்தக் கூலியை, அதாவது வைக்கோலை, நாம்தான் கொடுத்தாக வேண்டும்.

ஆய்வகக் குடுவையில் வென்றது வெட்டவெளியிலும் வெல்லுமா? விஸ்கான்சினில், மரப் பதனப் பொருள் சிந்திய ஓர் இடத்தில் ரிச்சர்டு லாமர், டயான் டீட்ரிச் இருவரும் சோதித்து, 1990-ல் முடிவை வெளியிட்டனர். அங்கே மண்ணில் இருந்தது பென்டாகுளோரோஃபீனால். கரையானிடமிருந்தும் அழுகலிலிருந்தும் மரத்தைக் காக்க உலகெங்கும் பயன்பட்ட மருந்து அது. அழுகலைத் தடுக்கும் மருந்தை அழுகல் பூஞ்சையைக் கொண்டே அழிக்க முயன்றது ஒரு வேடிக்கைதான். ஒரு கிலோ மண்ணில் 250 முதல் 400 மில்லிகிராம் வரை அம்மருந்து இருந்தது. பூஞ்சை வளர்ந்த மரச்சில்லுகளை மண்ணில் கலந்தார்கள். மண்ணில் மக்கு மிகக் குறைவாக இருந்ததால் உணவுக்குப் பீட் என்னும் சதுப்பு நிலத் தாவர மக்கையும் சேர்த்தார்கள். பூஞ்சைக்கு உகந்த வெப்பமும் இல்லை. இருந்தும் ஆறரை வாரத்தில் 88 முதல் 91 விழுக்காடு வரை மருந்து குறைந்திருந்தது.

இந்த எண்ணைத்தான் பலரும் மேற்கோள் காட்டுகிறார்கள். அதே கட்டுரையில் உள்ள அடுத்த வரியைக் காட்டுபவர்கள் குறைவு. குறைந்த அளவில் 8 முதல் 13 விழுக்காடு, அழிந்து போகவில்லை. பென்டாகுளோரோஅனிசோல் என்னும் வேறொரு பொருளாக மாறியிருந்தது. பூஞ்சை அதனுடன் ஒரு சிறு மெத்தில் தொகுதியை ஒட்டிப் பெயரை மாற்றிவிட்டது. வாராக்கடனைப் புதிய கடன் கணக்கில் ஏற்றிவிட்டு, பழைய கணக்கைத் தீர்ந்தது என எழுதும் வழக்கம் நம் துறைக்கு அறிமுகமானதே. அதே குழுவினர் ஆய்வகத்தில் செய்த சோதனைகளில், இன்னொரு பெரும் பகுதி மண்ணின் மக்கோடு இறுகப் பிணைந்து, கரைப்பானால் எடுக்க முடியாத நிலைக்குச் சென்றிருந்ததும் தெரிந்தது. அப்படிப் பிணைந்தது தீங்கு செய்யாமல் கிடக்கலாம். ஆனால் 'கிடைக்கவில்லை' என்பதும் 'இல்லை' என்பதும் ஒன்றல்ல. லாமரும் டீட்ரிச்சும் இவற்றை மறைக்காமல் எழுதியதனாலேயே அந்தச் சோதனையின்மீது நமக்கு மதிப்பு கூடுகிறது.

பொதுமக்களிடையே இத்துறைக்குப் புகழ் தேடித் தந்தவர் அமெரிக்காவின் பால் ஸ்டாமெட்ஸ். டீசல் ஊறிய மண் குவியலில் சிப்பிக் காளான் இழைகளைக் கலந்ததையும், சில வாரங்களில் அக்குவியலின் நிறம் வெளுத்துக் காளான்கள் பூத்ததையும் தம் நூலில் அவர் விவரிக்கிறார். ஊக்கமூட்டும் விவரிப்பு அது. ஆனால் அவர் காளான் வணிகமும் நடத்துபவர். விண்ணப்பதாரரே எழுதிய திட்ட அறிக்கையை வங்கி எந்த அளவு நம்புமோ அந்த அளவு நம்பலாம் என்பது நம் கருத்து.

பூஞ்சையின் குணங்களில் வியப்பானது ஒன்றுண்டு. பயிர் நன்றாக வளர வேண்டுமென்றால் யூரியா போடுகிறோம். ஃபெனரோகீட்டுக்குத் தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் அது செழித்து வளரும். ஆனால் நமக்கு வேண்டிய நொதியைச் சுரக்காது. தழைச்சத்து தட்டுப்பட்டு, பசி எடுக்கும்போதுதான் அது கடப்பாரையைத் தேடுகிறது. நல்லெண்ணத்தோடு உரமிட்ட ஒருவர் வேலையையே நிறுத்திவிடக்கூடும். மேலும், திறந்த மண்ணில் ஏற்கெனவே குடியிருக்கும் பாக்டீரியாக்களும் பிற பூஞ்சைகளும் புதிதாக வந்தவரை எளிதில் விடுவதில்லை. வெள்ளை அழுகல் பூஞ்சையின் ஊர் மரக்கட்டை. மண் அதற்கு அயலூர். போதிய வைக்கோலும் ஈரமும் காற்றோட்டமும் தராவிட்டால் சில வாரங்களில் அது ஒடுங்கிவிடும். நாற்பது ஆண்டுகளாகியும் இந்த முறை சூளையையும் புதைகுழியையும் ஓரங்கட்டாததற்கு இதுவே முதன்மைக் காரணம் என்று நமக்குத் தோன்றுகிறது.

பூஞ்சை அறவே செய்யவியலாத வேலையும் உண்டு. ஈயம், காட்மியம், குரோமியம் ஆகியவை தனிமங்கள். அவற்றை எந்த நொதியாலும் உடைக்க முடியாது. ராணிப்பேட்டையில் மூடப்பட்ட ஆலையொன்றின் வளாகத்தில் நெடுங்காலம் குவிந்து கிடந்த குரோமியக் கழிவைப் பற்றி நாளேடுகளில் படித்திருக்கிறோம். அங்கே பூஞ்சையைத் தூவினால் குரோமியம் மறையாது. மிஞ்சிப் போனால் பூஞ்சை அதைத் தன் உடலில் ஈர்த்துக்கொள்ளும் அல்லது தீமை குறைந்த வடிவத்துக்கு மாற்றும். ஈர்த்துக்கொண்ட பூஞ்சையையே பின்னர் அபாயக் கழிவாகக் கருதி அகற்ற வேண்டும். காளான்கள் காட்மியம், பாதரசம் போன்ற உலோகங்களைச் சேர்த்து வைக்கும் இயல்புடையவை. ஆகவே மாசு நீக்கும் பணியில் பூத்த காளானை எக்காரணம் கொண்டும் உண்ணக் கூடாது. கால்நடைக்கும் இடக் கூடாது. சாலையோரத்திலும் தொழிற்சாலைச் சுவரோரத்திலும் மழைக்குப் பின் முளைத்ததைப் பறித்து வந்து சமைப்பவர்களுக்கும் இதை எடுத்துச் சொல்வது நல்லது.

திருப்பூரின் அனுபவம் இன்னொரு வரம்பைக் காட்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை முற்றிலும் வெளியேற்றாத நிலையை எட்டும்வரை அங்குள்ள சாய, சலவை ஆலைகளை மூட உத்தரவிட்டது. 700-க்கும் மேற்பட்ட ஆலைகளின் சக்கரம் நின்றது. அவற்றுக்குக் கடன் கொடுத்த வங்கிகளும் அந்த ஆண்டை மறக்கவில்லை. சாயத்தின் நிறத்தை நீக்குவதில் வெள்ளை அழுகல் பூஞ்சைகள் வல்லவை. அவற்றின் லாக்கேஸ் என்னும் நொதி, டெனிம் துணியின் நீலத்தை வெளுக்க 1990-களிலிருந்து வணிகமுறையில் விற்பனையாகிறது. ஆனால் சாயக் கழிவில் இருப்பது நிறம் மட்டுமன்று, உப்பும் உண்டு. சாயம் நூலில் பிடிக்க அள்ளிப் போடும் உப்பைப் பூஞ்சையால் ஒன்றும் செய்ய இயலாது. நிறம் போன நீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும். கிணற்றில் கலந்தால் தென்னை வாடும். இன்று அங்கே உப்பைப் பிரிப்பது சவ்வூடு பரவல் இயந்திரங்களும் ஆவியாக்கும் கலன்களும்தான். அவற்றுக்கு முன்கட்டமாக நிறத்தை நீக்குவதில் வேண்டுமானால் பூஞ்சைக்கு இடம் உண்டு.

வரம்புகளை இவ்வளவு சொன்ன பின்னும், நம் நாட்டுக்கு இம்முறையில் இயற்கையாக அமைந்த சாதகங்கள் இருக்கின்றன. விஸ்கான்சினில் குளிர் தடையாக இருந்தது. ஃபெனரோகீட்டுக்கு மிகவும் உகந்த வெப்பம் 40 பாகை செல்சியஸை ஒட்டியது. நம் சித்திரை வைகாசிக்கு அது அஞ்சாது. வைக்கோலுக்கும் பஞ்சமில்லை, வடமாநிலங்களில் அதை எரிப்பதே பெருஞ்சிக்கலாக இருக்கிறது. சிப்பிக் காளானும் வெள்ளை அழுகல் பூஞ்சை இனத்தைச் சேர்ந்ததே. இமாசலப் பிரதேசத்தின் சோலன் முதல் நம் ஊர்களின் கீற்றுக் குடில்கள் வரை அதை வளர்ப்பவர்கள் உள்ளனர். அவர்களில் பலர் நம் கிளைகளின் வாடிக்கையாளர்கள். பாலித்தீன் பையில் அடைத்த வைக்கோலில் இரண்டு மூன்று முறை காளான் பறித்தபின் அப்பையைக் கொட்டிவிடுகிறார்கள். திட்ட அறிக்கையில் அது 'உரம்' என்ற தலைப்பில் ஒரு வரி வருமானமாக வரும். அந்த எஞ்சிய வைக்கோலில் உயிருள்ள இழைகளும் நொதிகளும் இன்னும் இருக்கின்றன. மாசடைந்த மண்ணில் கலக்கத் தனியே பூஞ்சை வளர்ப்பதைவிட இது மலிவான மூலப்பொருள் என்பதை ஆய்வாளர்கள் பல நாடுகளில் சோதித்து வருகிறார்கள். காளான் பண்ணையாளருக்கு இன்னொரு வருவாய் இதில் பிறக்கக்கூடும். அது உடனே நடக்கும் என்று கருதி யாரும் கடன் வாங்க வேண்டாம்.

தேவை எவ்வளவு என்பதற்கு லிண்டேனையே எடுத்துக்கொள்ளலாம். ஒரு டன் லிண்டேன் செய்தால் பல டன் பயனற்ற உடன்பிறப்புப் பொருள்கள் கழிவாக எஞ்சும். இந்தியாவில் அதன் உற்பத்தி 2011-லும் பயன்பாடு 2013-லும் முடிவுக்கு வந்தன. கழிவு முடிவுக்கு வரவில்லை. லக்னோ அருகே அக்கழிவு கொட்டப்பட்ட நிலத்தை ஆராய்ந்த டெல்லிப் பல்கலைக்கழகத்தின் ரூப் லால் குழுவினர், அம்மண்ணிலேயே வாழப் பழகிய பாக்டீரியாக்களைக் கண்டெடுத்து அவற்றைக் கொண்டு சீராக்க முயன்றனர். பூஞ்சையா, பாக்டீரியாவா என்பது போட்டியன்று. பெரிய வளையத்தைப் பூஞ்சை உடைத்துத் துண்டாக்க, அத்துண்டுகளைப் பாக்டீரியா தின்று முடிப்பதும் மண்ணில் நடக்கிறது.

ரிசர்வ் வங்கி 2023-ல் பசுமை வைப்புத் தொகைகளுக்கு ஒரு நெறிமுறையை வகுத்தது. அந்த ஆண்டு ஜூன் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அவ்வாறு திரட்டும் பணத்தை எவ்வெத் துறைகளுக்கு வழங்கலாம் என்ற பட்டியலில் மாசுத் தடுப்பும் கட்டுப்பாடும் இடம்பெற்றுள்ளன. ஆகவே, உங்கள் வைப்புத் தொகை என்றேனும் இத்தகைய பணிக்குக் கடனாகச் செல்லலாம். அப்போது விண்ணப்பத்தில் '90 விழுக்காடு மாசு நீக்கம்' என்று இருந்தால், அந்த 90 எங்கே போனது என்று கேட்பது எங்கள் கடமை. கரியமில வாயுவாகப் போனதா, மண்ணில் பிணைந்ததா, வேறு பெயரில் இருக்கிறதா? பூஞ்சை இடாத பக்கத்துப் பாத்தியில் அதே காலத்தில் எவ்வளவு குறைந்தது? வெயிலும் மழையும் காற்றும் தாமாகவே சிறிது குறைத்திருக்கும். அதைக் கழித்தால்தான் பூஞ்சையின் பங்கு தெரியும். பணி முடிந்த மண்ணில் மண்புழு உயிர் வாழ்கிறதா, விதை முளைக்கிறதா என்ற எளிய சோதனையும் வேண்டும். ஆறரை வாரம் என்பது ஒரு சிறு சோதனை நிலத்தின் கணக்கு. ஏக்கர் கணக்கில் செய்யும்போது பருவங்களாக நீளும். தவணை தொடங்கும் மாதத்தை அதற்கேற்ப வைத்துக்கொள்ள வேண்டும்.

நிலம் வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள் இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. பழைய தொழிற்பேட்டைகளின் உள்ளேயும் ஓரங்களிலும் மலிவாக மனை கிடைக்கும்போது, முன்பு அங்கே என்ன தொழில் நடந்தது என்பதை அக்கம்பக்கத்து முதியவர்களிடம் விசாரியுங்கள். பத்திரத்தைவிட அவர்கள் தெளிவாகச் சொல்வார்கள். ஐயம் எழுந்தால், முன்பணம் கொடுப்பதற்குள் அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மண்ணைச் சோதித்துவிடுவது நல்லது. மாதிரியை நான்கு மூலைகளிலும் நடுவிலும், மேல்மண்ணிலும் ஒரு மீட்டர் ஆழத்திலும் எடுக்கச் சொல்லுங்கள். வாயிலருகே அள்ளிய ஒரு கைப்பிடி மண், பின்பக்கம் கிடங்கு இருந்த மூலையைப் பற்றி எதுவும் சொல்லாது.